மரை போக ஒரு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலையானால் யாராவது ஒரு பிள்ளை என் ஷெட்டு வாசலில் வந்து நிற்கும். கையில் போன், போனில் ஒரு படம். மாட்டுக் கொட்டகையிலோ மாடிப்படிக்கு அடியிலோ சாக்கு போர்த்தி நிற்கும் ஒரு புல்லட். "தாத்தா வண்டி ஐயா. பதினஞ்சு வருஷமா அப்படியே நிக்குது. ஓட வச்சிடலாமா?"

ஓட வைக்கலாம். பழைய இரும்பு எஞ்சின் 350 புல்லட்டில் சரிசெய்யவே முடியாத பாகம் என்று ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. இந்த அளவை மாற்றாமல் ஐம்பது வருடத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் இன்றைக்கும் ஸ்பேர் கிடைக்கிறது, வேலை தெரிந்த கையும் கிடைக்கிறது. "எவ்வளவு நாள் ஆகும்?" என்று அடுத்துக் கேட்பார்கள். அங்கேதான் நான் கொஞ்சம் நிதானிப்பேன்.

துருப்பிடித்து இறுகி வந்த வண்டிகளைப் பார்த்து நான் கவலைப்பட்டதில்லை. சாக்கு மூட்டையில் வந்த வண்டிகளைப் பார்த்துத்தான் மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. ஒரே நாளில் ஆசை ஆசையாகப் பிரித்துப் போட்டு, ரெண்டு மாதத்தில் அலுத்து, தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது மூட்டை கட்டி, கடைசியில் எடைக்குப் போகிற வண்டிகள் அவை. நாற்பது வருடத் துருவும் மழையும் செய்யாத சேதத்தை அவசரப்பட்ட ஒரு கை ஒரே சாயங்காலத்தில் செய்துவிடும். என் கையும் செய்திருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடு.

யார் பேரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் வாரிசுக் காகிதம் இருக்கிறதா, எந்த வருடமோ வாங்கிய கடன் இன்னும் ஆர்.சி.யில் நிற்கிறதா என்று பார். சேஸிஸில் அடித்திருக்கும் நம்பரைத் துணியால் துடைத்து, மேலே காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடு. எஞ்சின் நம்பரையும் அதே மாதிரி எடு. ரெண்டும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அதைத் தீர்த்துக்கொண்டு வா, வண்டி எங்கும் ஓடிவிடாது. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனியாக வின்டேஜ் பதிவு கொண்டுவந்தது. நம்பரில் 'விஏ' என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை. தாத்தா வண்டியில் ஆபீசுக்குப் போக வேண்டும் என்பது உன் ஆசையானால், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்.

2. ஒரு வாரம் சும்மா பார்.

கழுவாதே, எண்ணெய் விடாதே, எதையும் கழற்றாதே. ஒரு முக்காலி போட்டு வண்டி பக்கத்தில் உட்கார். நாலு பக்கமும் படம் எடு. கேபிள் எந்த வழியாகப் போகிறது, வயர் எங்கே கிளிப்பில் மாட்டியிருக்கிறது, எந்த போல்ட்டுக்கு அடியில் வாஷர், எந்த வாஷர் தட்டை, எது ஸ்பிரிங் வாஷர், எல்லாவற்றையும் பக்கத்தில் போய்ப் படம் எடு. எட்டு மாதம் கழித்து மட்கார்டு பிராக்கெட் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று நீ முழிக்கும்போது இந்தப் படம்தான் பதில் சொல்லும்.

அழுக்குக்கூடப் பேசும். எஞ்சினில் எந்த இடத்தில் மண்ணும் எண்ணெயும் கலந்து அடை மாதிரி ஒட்டியிருக்கிறதோ, அங்கேதான் வருடக்கணக்காகக் கசிந்திருக்கிறது. கழுவிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். இடது பக்கம் செயின் கேஸ் அடியிலா, டேப்பெட் மூடி பக்கத்திலா, ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்திலா என்று குறித்துக்கொண்டு, அப்புறம் மண்ணெண்ணெய் பிரஷ்ஷை எடு.

3. மரையை மதி.

புல்லட் இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் பிறந்த வண்டி. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டித்தான் வண்டி செய்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராக ஆரம்பித்தது. ஆனால் வரைபடம் இங்கிலாந்து வரைபடம்தானே. அதனால் உன் வண்டியில் அங்குலக் கணக்கு மரையும், பின்னால் வந்த மில்லிமீட்டர் மரையும் கலந்து கிடக்கும். நடுவில் கை வைத்த மெக்கானிக்குகள் கையில் கிடைத்த போல்ட்டை ஏற்றியிருப்பார்கள், அது தனிக் கணக்கு.

இதை நீ விரலால் உணர வேண்டும். 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டை அதன் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த ஓட்டையில் இதை வைத்துத் திருகினால் முதல் சுற்று போகும், ரெண்டாவது சுற்றும் போகும். மூன்றாவதில் லேசாக இறுகும். அனுபவம் இல்லாதவன், துரு இருக்கிறது போல என்று நினைத்து ஸ்பேனர் போடுவான். ஸ்பேனர் சுற்றும். உள்ளே அலுமினிய மரை சுருண்டு நூல் நூலாக வெளியே வரும். அந்த நூலைக் கையில் எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். எஞ்சின் கேஸில் அந்த மரையை மறுபடி உண்டாக்க, பெரிதாகத் துளைத்து இன்செர்ட் போட வேண்டியிருக்கும்.

எனவே முதலில் மரை கேஜ் ஒன்று வாங்கு. பாக்கெட் கத்தி மாதிரி விரியும் தகடுகள். விலை அதிகமில்லை. போல்ட்டின் மேல் தகட்டை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடைவெளி இல்லாமல் உட்கார்கிறதா என்று தெரியும். எந்த போல்ட்டையும் கையாலேயே கடைசி வரை திருகிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை வைத்து நட்டு முனையை உருட்டுபவனுக்கு என் ஷெட்டில் டீ கொடுப்பேன், வேலை கொடுக்க மாட்டேன்.

4. வர மாட்டேன் என்கிற நட்டோடு ராத்திரியில் மோதாதே.

என் இரண்டாவது வண்டி, எழுபதுகளின் மாடல். சிலிண்டரைப் பிடித்திருந்த ஒரு நட்டு அசையவில்லை. மற்ற எல்லாம் வந்துவிட்டன, இந்த ஒன்றுதான். மணி ராத்திரி பத்து. சாப்பிடவில்லை. மறுநாள் காலை லேத்துக்கு சிலிண்டரைக் கொண்டுபோக வேண்டும் என்று நானே ஒரு கெடு வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் முனையில் ஒரு ஜி.ஐ. பைப்பைச் செருகி நீளமாக்கி அழுத்தினேன். அசைந்தது. ஆஹா என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நட்டு அசையவில்லை, ஸ்டட்தான் முறுகி அறுந்திருந்தது. அதுவும் அலுமினிய கேஸின் மட்டத்துக்குச் சரியாக, பிடித்து இழுக்க ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லாமல்.

அதற்கு மேலாவது கையைக் கழுவியிருக்கலாம். அப்போதே ட்ரில்லை எடுத்தேன். ட்ரில் பிட் இரும்பைவிட மென்மையான அலுமினியத்தின் பக்கம் நழுவியது. ஓட்டை கோணலாகப் போனது. எஞ்சினை முழுசாகப் பிரித்து, கேஸைத் தனியாக எடுத்துக்கொண்டு ஒரு மெஷின் ஷாப்பில் காத்திருந்து, அவர்கள் நேராகத் துளைத்து மரை எடுத்துக் கொடுத்தபோது ஏழு வாரம் போயிருந்தது. மறுநாள் காலை லேத்துக்குப் போக வேண்டும் என்ற அந்தக் கெடுவை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். முதல் நாள், கம்பி பிரஷ்ஷால் மரையில் இருக்கும் துருவைத் துடைத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிட்டுப் போய்விடுவேன். இரண்டாம் நாள் மறுபடி எண்ணெய். பித்தளைக் கம்பியை நட்டின் தலையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் பத்து இருபது தட்டு, பலமாக இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரி. அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். மூன்றாம் நாள், போல்ட் அலுமினியத்துக்குள் இருந்தால் சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்குவேன். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். பெட்ரோல் டேங்க்கும் எண்ணெய்த் துணிகளும் அந்தச் சமயம் அடுத்த அறையில் இருக்க வேண்டும். பிறகு ரிங் ஸ்பேனர் போட்டு, கழற்றும் திசையில் திருப்பும் முன் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைக்கப் பார்ப்பேன். துருவின் பிடி அதில்தான் உடையும். அப்புறம் கழற்று. கால் சுற்று வந்தால் அரைக்கால் சுற்று திரும்பப் போ, எண்ணெய் விடு, மறுபடி வா.

மூன்று நாளிலும் வரவில்லை என்றால் நான்காம் நாள் இருக்கிறது. அந்த நாட்களில் வண்டியில் செய்ய வேறு நூறு வேலை கிடக்கிறது.

5. கழற்றிய எதையும் தரையில் வைக்காதே.

முட்டை அட்டை வாங்கிக்கொள். முப்பது குழி இருக்கும். கார்ப்பரேட்டரைப் பிரிக்கும்போது கழற்றின வரிசைப்படி ஒவ்வொரு குழியிலும் ஒன்று. பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னாலேயே வா. பெரிய சாமானுக்கு ஜிப் கவர், மேலே மார்க்கரில் இடமும் தேதியும். டைமிங் கவர் ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் கிடையாது. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வை. நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் இறுக்கி கேஸை உடைத்த வண்டி ரெண்டு பார்த்திருக்கிறேன்.

6. லேத் பட்டறைக்காரரின் 'நாளைக்கு' என்ற சொல்லோடு சண்டை போடாதே.

சிலிண்டர் போர் பண்ணுவது, வால்வு சீட் வெட்டுவது, கிராங்க்கைப் பிரித்து பிக் எண்டு மாற்றுவது, இதெல்லாம் உன் கையில் நடக்காது. நல்ல கைகாரரிடம் எப்போதும் கூட்டம் இருக்கும். நாளைக்கு என்பார், வெள்ளிக்கிழமை என்பார், ஆயுத பூஜை முடியட்டும் என்பார். காத்திரு. கூட்டமே இல்லாத பட்டறையில் உடனே செய்து தருகிறேன் என்று சொன்னால் ஏன் கூட்டமில்லை என்று யோசி.

பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போர் பண்ணச் சொல்ல வேண்டும். 0.25, 0.50 என்று ஓவர்சைஸில் வரும். டப்பாவில் ஒரே நம்பர் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி மயிரிழை மாறும். அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்குத் தகுந்த இடைவெளி விட்டு வெட்டுவதுதான் வேலை. ஒருமுறை ஒரு பட்டறையில் பிஸ்டன் வரும் முன்னாலேயே, "எல்லாம் தெரிஞ்ச சைஸ்தானே" என்று வெட்டி வைத்துவிட்டார்கள். நானும் வேலை முடிந்ததே என்ற சந்தோஷத்தில் அளக்காமல் வாங்கிவந்து பூட்டினேன். ஸ்டார்ட் ஆனது. வெறும் டப்பாவில் கூழாங்கல் போட்டு உலுக்குகிற மாதிரி பிஸ்டன் ஆடும் சத்தம். அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு மறுபடி முதலில் இருந்து. வெட்டியது அவர்கள் தவறு. மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்கும் ரெண்டு திசையில் அளந்து வாங்காதது என் தவறு. போர் கேஜைப் பிடித்து அவரே உனக்குக் காட்டச் சொல். நல்ல கைகாரர் அதைக் கௌரவக் குறைவாக நினைக்க மாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார்.

7. பழையதைத் தூக்கிப் போடாதே.

சென்னையில் இருந்தால் புதுப்பேட்டைக்குப் போ, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போ, கோயம்புத்தூரில் இருந்தால் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு காலை முழுக்கச் சுற்று. எங்கே போனாலும் பழைய பாகத்தைப் பையில் எடுத்துக்கொண்டு போ. வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை அது காட்டிவிடும். டப்பாவில் புதிதாக மின்னுகிற ஸ்பேரைவிடத் தேய்ந்த ஒரிஜினல் பலமுறை நல்லது. முக்கியமாக கியர், கேம், ராக்கர் மாதிரி தேய்மானம் தாங்க வேண்டிய சாமான்களில் அந்தக்காலத்து இரும்பை நம்பலாம். புதுசு மாட்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் திருப்தி ஆகும்வரை பழசு ஒரு பெட்டியில் எண்ணெய் பூசி இருக்கட்டும்.

8. பெயின்ட் கடைசி.

இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. டேங்க் பளபளவென்று வந்து அலமாரியில் உட்கார்ந்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும், தெரியும். ஆனால் பெயின்ட் அடித்த சேஸிஸில் எஞ்சின் மூன்று தடவை ஏறி இறங்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு கீறல். முதலில் வண்டி முழுவதையும் துருவோடேயே பூட்டு. ஓட்டு. கியர் சரியா, பிராக்கெட் உட்காருகிறதா, சைலன்சர் மட்கார்டில் இடிக்கிறதா என்று எல்லாம் பார்த்துவிட்டு, மறுபடி பிரித்துப் பெயின்டுக்குக் கொடு. ரெண்டு தடவை வேலை என்று தோன்றும். உண்மையில் இதுதான் குறைவான வேலை.

பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தால் நீ கூடவே நின்று மூன்று இடத்தை மறைக்கச் சொல்: மரைகள், பேரிங் உட்காரும் இடங்கள், சேஸிஸ் நம்பர். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் சேஸிஸில் நம்பர் மேலேயே தடிமனாக ஏற்றிவிட்டார்கள். எஃப்.சி.க்குப் போன இடத்தில் அதிகாரிக்கு நம்பர் தெரியவில்லை. அத்தனை அழகான கோட்டிங்கை அந்த இடத்தில் சுரண்டி எடுத்தான், பார்க்கவே முடியவில்லை. எர்த் வயர் மாட்டும் இடத்தில் பவுடரோ பெயின்டோ இருந்தால் கரண்ட் போகாது, அதையும் சுரண்டிவிடு.

டேங்க்கில் ஓடும் தங்கக் கோடுகளை ஸ்டிக்கரில் ஒட்டாதே. திருவொற்றியூரில் அவற்றைப் பிரஷ்ஷால், கையால்தான் போட்டார்கள். உன் ஊரிலும் போர்டு எழுதிப் பழகிய ஒரு பெரியவர் இருப்பார். தேடு. அந்தக் கை மூச்சை அடக்கிக்கொண்டு டேங்க்கின் வளைவில் ஒரே இழுப்பில் கோடு இழுப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார். ஆரம்பிக்கும் இடத்தில் கோடு ஒரு நூல் மெலிந்திருக்கும். அந்த மெலிவை அழிக்கச் சொல்லாதே.

9. டேங்க் விஷயத்தில் உயிர் முக்கியம்.

காலி டேங்க் என்று நினைத்து வெல்டிங் வைக்காதே. காலியாக இருக்கும்போதுதான் உள்ளே பெட்ரோல் ஆவி நிற்கும். நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, டேங்க் வேலையே செய்பவரிடம் கொடு. உள்துருவுக்கு வினிகரை ஊற்றி ரெண்டு மூன்று நாள் ஊறவிட்டு, அப்புறம் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே உலர்த்து. உலர்த்தாமல் ஒரு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி செம்மண் நிறம் ஏறியிருக்கும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ட்யூபை ஊறவைத்து உப்பச் செய்யும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறாயானால் டேங்க்கையும் கார்ப்பரேட்டரையும் வடித்துவிடு.

10. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

பூட்டியாயிற்று, ஸ்டார்ட் ஆகவில்லை. இந்த வேலையில் மனசு உடைகிற கட்டம் இதுதான். ஒரு பிள்ளை இப்படித்தான் ஒரே சாயங்காலத்தில் பிளக், காயில், கண்டென்சர், கார்ப்பரேட்டர் ஜெட் எல்லாவற்றையும் மாற்றினான். ஸ்டார்ட் ஆனது. தெருவே வந்து பார்த்தது. பத்து நாளில் மறுபடி நின்றது. எது கோளாறு, எது சரியாயிற்று என்று அவனுக்கு எந்தத் தடயமும் இல்லை. மறுபடி நாலையும் வாங்கினான்.

ஒரு நோட்டு வைத்துக்கொள். என்ன செய்தாய், என்ன ஆனது, தேதி. பிளக்கைக் கழற்றி ஹெட்டில் சாய்த்து வைத்து கிக்கரை அமுக்கு. நீலமாகப் பொறி வருகிறதா? வருகிறதென்றால் பெட்ரோல் பக்கம் போ. மஞ்சளாக, சோகையாக வருகிறதென்றால் பிளாட்டினம் பாயிண்ட்டின் மூடியைத் திற.

பாயிண்ட் வைப்பதைப் பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆசை. எழுத்தில் முடிந்தவரை சொல்கிறேன். பிளக்கைக் கழற்றியே வைத்துக்கொள். டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டு. எஞ்சின் சுற்றும். பாயிண்ட் அதிகபட்சம் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்தி ஃபீலர் கேஜ் விடு. 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். கேஜ் உரசிக்கொண்டு போக வேண்டும், தள்ளிக்கொண்டு போகக் கூடாது. அடுத்தது டைமிங். பிஸ்டன் உச்சியைத் தொட இன்னும் 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். 'ஆரம்பிக்க' என்கிற அந்தக் கணம் கண்ணுக்குத் தெரியாது. சிகரெட் சுற்றுகிற மெல்லிய காகிதத்தில் ஒரு கீற்று கிழித்து, பாயிண்ட் நடுவே வை. லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் சக்கரத்தை நகர்த்து. பிடித்திருந்த காகிதம் திடீரென்று விடுபட்டு விரலோடு வரும். அதுதான் அந்தக் கணம். முதல் தடவை அது தவறிப்போகும், பத்தாவது தடவை விரல் தானாகவே எதிர்பார்க்கும். வேலை முடிந்ததும் சுத்தமான வெள்ளைத் துணியால் பாயிண்ட் முகத்தைத் துடை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எவ்வளவு சரியாக வைத்தாலும் பொறி சோகையாகத்தான் வரும்.

டேப்பெட்டும் இதே மாதிரி விரல் வேலைதான். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்க, புஷ் ராடை விரலால் உருட்டினால் தாராளமாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

11. வீட்டில் சொல்லிவிடு. பணத்தை எழுதி வை.

எவ்வளவு ஆகும் என்று நினைக்கிறாயோ அதைப்போல் இரண்டு மடங்கு என்று முதலிலேயே வீட்டில் சொல். ஒளித்து வாங்கிய ஸ்பேர் கையில் நடுங்கும், அந்த நடுக்கத்தோடு வேலை செய்யக் கூடாது. பரீட்சை வந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கையில் காசு இல்லாவிட்டால், எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் பூசி, மூடி, சாவியை மாட்டிவிட்டுப் போ. ஆறு மாதம் கழித்து வந்தாலும் நோட்டு இருக்கிறது, கவர்களில் பெயர் இருக்கிறது, வேலை விட்ட இடத்தில் நிற்கும். நிறுத்தி வைப்பதைத் தோற்றுப்போனதாக யாராவது சொன்னால் காதில் வாங்காதே. என் மூன்றாவது வண்டி முடிய ஆறு வருடம் ஆனது. அதில் ரெண்டு வருடம் அம்மா படுக்கையில் இருந்தார். ஷெட்டைத் திறக்கவே இல்லை. வண்டி காத்திருந்தது.

12. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எண்ணெய் போகிறதா பார்.

பழைய புல்லட்டின் பிக் எண்டில் ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ்தான். எண்ணெய் போகாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே அத்தனை வேலையும் வீண். பூட்டி முடித்ததும் பிளக் இல்லாமலேயே கிக்கரைப் பொறுமையாக அமுக்கிக்கொண்டே இரு. ராக்கருக்கு ஏறும் ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி வை. அங்கே எண்ணெய் துளிர்த்தால் பம்ப் வேலை செய்கிறது. துளிர்க்காவிட்டால் பம்ப்பைத் திற, நம்பிக்கையில் ஸ்டார்ட் பண்ணாதே. ரொம்ப நாள் நின்ற வண்டியில் இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. எண்ணெய் மெல்ல மெல்ல ஆயில் டேங்க் பக்கமிருந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கி நிறைந்திருக்கும். ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை தெருவை மறைக்கும். பயப்படாதே, கீழே வடித்துவிட்டு அளவாக ஊற்று.

அப்புறம் கிக். உதைப்பது இல்லை. சாவியைப் போடு. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல இறக்கு. முள் இடப்பக்கம் சாய்ந்து, பாயிண்ட் திறக்கும்போது நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் ஒரு பிடி இறக்கிவிட்டு, கிக்கரை மேலே வரவிடு. இப்போது முழு உடம்பையும் வைத்து ஒரே சீராக அமுக்கு. தாத்தா எப்படி உட்கார்ந்தபடியே ஸ்டார்ட் பண்ணினார் என்று பாட்டியைக் கேட்டிருப்பாயே, இப்படித்தான்.

13. ஓட ஆரம்பித்த வண்டியை உடனே ஓட்டாதே.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு 40, 45க்கு மேல் போகாதே. பின்னால் யாரையும் ஏற்றாதே. பத்து கிலோமீட்டர் போ, நிறுத்து, ஆறவிடு, வா. மறுநாள் காலை எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இன்னொரு முறை இறுக்கு, டேப்பெட்டைப் பார். முதல் 200 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்று. வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பார். மினுமினுப்பான பொடி கொஞ்சம் இருந்தால் இயல்பு. செதில் மாதிரி இருந்தால் வண்டியை எடுக்காதே, போன் பண்ணு.

ராத்திரி வண்டியை நிறுத்தும் இடத்தில் எஞ்சினுக்கு அடியில் சுத்தமான அட்டை ஒன்று போடு. காலையில் எழுந்ததும், டீ குடிக்கப் போகும் முன், குனிந்து அந்த அட்டையைப் பார். எங்கே எத்தனை துளி விழுந்திருக்கிறது என்று பேனாவால் வட்டம் போட்டுத் தேதி எழுது. ஒரு மாத அட்டைகளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, உட்கார்ந்து பார்ப்போம்.